இராஜகிருகம்: ஒரு வீடும் அதன் அக்கம்பக்கமும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அண்ணல் அம்பேத்கரைப் பற்றி நம் மேடைகளில் ஆண்டுதோறும் பேசி வருகிறோம். மகாத் குளப் போராட்டம், பூனா உடன்படிக்கை, அரசியலமைப்புச் சட்டம் ஆகியவை உங்களுக்குப் பழகிய செய்திகள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றை நோக்கச் சிறியது. அவர் தம் குடும்பத்துக்கெனக் கட்டிய வீட்டைப் பற்றியும், அவ்வீடு நின்ற தெருவைப் பற்றியும் பேச விரும்புகிறேன். பம்பாய் நகரில் தாதர் என்னும் பகுதியில், இந்து காலனி என்று பெயர் பெற்ற குடியிருப்பின் ஐந்தாவது சந்தில் அவ்வீடு இருக்கிறது. அதன் பெயர் இராஜகிருகம்.

வீட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நம் மக்களின் வரலாறு குடியிருக்கும் மண்ணில்தானே எழுதப்பட்டிருக்கிறது? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்தவர்கள் ஏட்டில் எழுதிப் பிரிக்கவில்லை. நிலத்தில் கோடு கிழித்துப் பிரித்தார்கள். இன்று இக்கழகத்தில் படித்துப் பணியில் அமர்ந்த பிள்ளைகள் நகரத்தின் ஓரத்தில் மனை வாங்குகிறார்கள், வீடு கட்டுகிறார்கள். மகிழத்தக்க செய்தி. ஆனால், எங்கே கட்டுவது, யாருக்கு அருகில் கட்டுவது, கட்டிய வீட்டில் எதற்கு இடம் தருவது என்னும் கேள்விகளுக்கு நமக்கு முன்னே ஒருவர் விடை கண்டிருக்கிறார். அதனை அறிந்துகொள்வது நல்லதல்லவா?

முதலில் அவர் எங்கிருந்து அவ்வீட்டுக்கு வந்தார் என்று பார்ப்போம். பம்பாயின் பரேல் பகுதி ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்கே ‘சால்’ எனப்படும் கட்டடங்கள் உண்டு. நீண்ட பொது நடை, நடையை ஒட்டி வரிசையாகச் சிற்றறைகள், தளத்துக்குப் பொதுவான குழாய், பொதுவான கழிப்பறை; இதுவே சால். ஓர் அறையில் ஒரு குடும்பம். அம்பேத்கர் உயர்நிலைப் பள்ளியில் படித்த நாளில் தந்தையார் இராம்ஜி அவர்களின் குடும்பம் அப்படிப்பட்ட ஓர் அறையில்தான் இருந்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அதற்குள்ளேதான். இருவர் ஒரே நேரத்தில் படுக்க இடமில்லாமையால், மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, தந்தையார் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, பின் மகனைப் படிக்க எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். நம்மில் பலருக்கு இச்செய்தி வியப்பளிக்காது. நம் வீடுகளிலும் விளக்கையும் பாயையும் முறைவைத்துப் பயன்படுத்தியவர்கள் உண்டு.

அதன்பின் அவர் குடும்பம் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய ஒரு சாலுக்குக் குடியேறியது. இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்ப் பட்டங்கள் பெற்று வந்தவர், வழக்கறிஞராகிச் சட்ட மேலவைக்கு நியமனம் பெற்றவர், இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாக அந்த அறைகளையே இருப்பிடமாகக் கொண்டிருந்தார். மனைவியார் இரமாபாய் பெற்ற ஐந்து மக்களுள் நால்வரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்ததும் அக்காலத்தில்தான். இச்செய்தியை விரித்துரைக்க எனக்கு மனமில்லை. வறுமையும் இட நெருக்கடியும் குழந்தைகளை எப்படிப் பலிகொள்ளும் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

இவ்விடத்தில் பரோடா நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 1917-இல் அவர் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் பயின்று திரும்பியிருந்தார். உதவித் தொகை அளித்த பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். வேலை காத்திருந்தது, தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை, அலுவலகத்துக்குப் புறப்படும் வேளையில், தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. மாலைக்குள் வெளியேற வேண்டும் என்பது அவர்கள் ஆணை. இந்து நண்பர் ஒருவரை அணுகினார். ‘நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள்’ என்னும் பொருள்பட அவர் பதில் சொன்னார். கிறித்தவ நண்பர் ஒருவரை அணுகினார். மனைவியைக் கேட்டுச் சொல்வதாக அவர் நழுவினார். இறுதியில் ஒரு பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்து, இரவு இரயிலேறிப் பம்பாய் திரும்பினார். பிற்காலத்தில் தாமே எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் இவற்றையெல்லாம் அவர் விவரித்துள்ளார். பட்டமும் பதவியும் இருந்தும் ஒரு கூரை கிடைக்கவில்லை. ‘படித்தால் எல்லாம் மாறிவிடும்’ என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோமே, அத்துடன் இந்தப் பூங்காவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இனித் தாதருக்கு வருவோம். 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். நெருக்கமும் இருளும் காற்றின்மையும் நோய்க்குக் காரணம் என்று கருதிய ஆட்சியினர், 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தனர். அந்த டிரஸ்ட் பழைய நகரின் நெருக்கமான தெருக்களை இடித்தது. வீடிழந்தவர்களுள் ஒரு பகுதியினருக்குச் சால்களைக் கட்டித் தந்தது. நகருக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் வயல்களையும் தோப்புகளையும் கையகப்படுத்தி, அகன்ற சாலைகளோடு மனைகளாகப் பிரித்து நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. கட்டடங்களுக்கு இடையே வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காக ஒரு கணக்கு வைத்தார்கள். சுவரின் அடியிலிருந்து 63½ பாகைச் சாய்வில் மேல்நோக்கிக் கோடு வரைந்தால், அக்கோட்டை எதிர்க் கட்டடம் மறிக்கக் கூடாது. எளிதாகச் சொன்னால், எதிர்க் கட்டடத்தின் உயரத்தில் பாதியளவேனும் நடுவில் வெளியிடம் இருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அம்பேத்கர் குடும்பம் இரண்டு அறைகளில் முடங்கியிருந்த சாலைக் கட்டியதும் அந்த டிரஸ்ட்தான். பிற்காலத்தில் அவர் வீடு எழுந்த புறநகரை வகுத்ததும் அந்த டிரஸ்ட்தான். ஒரே நிறுவனம் ஒரு பிரிவினருக்கு வெளிச்சத்தைப் பாகை போட்டு அளந்து கொடுத்தது. இன்னொரு பிரிவினருக்கு நடையோரத்தில் ஓர் அறையை ஒதுக்கியது. அறியாமையால் இவ்வாறு நேரவில்லை. நல்ல வீடு எப்படி இருக்கவேண்டும் என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். யாருக்கு அது தேவை என்பதில்தான் அவர்களுடைய தீர்ப்பு வேறுபட்டது.

அந்தப் புறநகரில் குடியேறியவர்கள் யார்? எழுத்தர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், வணிகர்கள். பழைய நகரிலிருந்த பிரிவினைகளையும் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். பார்சிகளுக்கு ஒரு காலனி, அதனை அடுத்து இந்து காலனி, மாட்டுங்காவில் தென்னாட்டிலிருந்து அலுவலகப் பணிக்காக வந்த தமிழ்ப் பிராமணர்கள் மிகுந்த தெருக்கள். இத்தமிழர்கள் தம் பிள்ளைகளுக்கென 1932-இல் கல்விச் சங்கமும் கண்டனர். அதே மாட்டுங்காவிலிருந்து இருப்புப்பாதையைக் கடந்தால் தாராவி. அங்கேயும் தமிழர்கள்தான் இருந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்ற நம் ஆதி திராவிட மக்கள். ஒரே மொழி பேசியவர்கள் ஆயிரம் கல் தொலைவு பயணம் செய்து, ஊரையும் சேரியையும் அங்கேயும் அமைத்துக்கொண்டார்கள். நடுவில் ஓடியது வாய்க்காலுக்குப் பதிலாக இருப்புப்பாதை, வேறுபாடு அவ்வளவுதான்.

பம்பாயின் பழைய மாடிக் கட்டடங்கள் பலவற்றின் பின்புறத்தில் ஒடுக்கமான படிக்கட்டு ஒன்றைக் காணலாம். கழிப்பறை துப்புரவு செய்ய வருவோர் முன்வாசலைத் தொடாமல் ஏறி இறங்குவதற்காக அமைந்தது அது. கட்டடக் கலையில் சாதி எங்கே இருக்கிறது என்று யாரேனும் கேட்டால் அந்தப் படிக்கட்டைக் காட்டுங்கள்.

இத்தகைய அக்கம்பக்கத்தில்தான் அம்பேத்கர் மனை வாங்கினார். கடன் பெற்றுக் கட்டடப் பணியை 1931-இல் தொடங்கினார். 1933-இல் வீடு முடிந்தது. இந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். வட்டமேசை மாநாடுகளுக்காக அவர் லண்டன் சென்று வந்த ஆண்டுகள் இவை. முதலிரண்டு மாநாடுகளில் நம் தமிழ்நாட்டுப் பெரியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் உடன் அமர்ந்து வாதாடினார். 1932 செப்டம்பர் 24-இல் எரவாடாச் சிறையில் பூனா உடன்படிக்கை கையெழுத்தானபோது இராஜகிருகத்தின் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. தனித் தொகுதி உரிமை கைநழுவிப் போன அதே காலத்தில் அவருக்கென ஒரு கூரை உருவாகிக்கொண்டிருந்தது.

வீட்டின் அமைப்பைக் கேளுங்கள். கீழ்த்தளத்தில் மூன்று மூன்று அறைகளாக இரண்டு பகுதிகள், அவை குடும்பத்துக்கு. மேல்தளம் நூலகத்துக்கும் அலுவலுக்கும். காற்றும் வெளிச்சமும் மிகுந்த தளத்தை அவர் புத்தகங்களுக்குக் கொடுத்துவிட்டார். நியூயார்க்கில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து வாங்கிய நூல்களை அவர் ஒருமுறை இழந்தவர். 1917-இல் அவருடைய பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் குண்டுக்கு இரையாயிற்று. சாலின் இரண்டு அறைகளில் அடுக்கவும் இடமின்றித் தவித்தார். அந்த இழப்பும் தவிப்புமே இவ்வீட்டின் வரைபடத்தைத் தீர்மானித்தன என்று நான் கருதுகிறேன். அவர் மறைந்தபோது அவரிடமிருந்த நூல்கள் 50,000-க்கும் மேல் என்பர். வாடகைக்கு விடுவதற்காக அதே காலனியில் சார் மினார் என்னும் மற்றொரு கட்டடத்தையும் அவர் கட்டியிருந்தார். நூல் வாங்கவும் கடனைத் தீர்க்கவும் அதனை 1941-இல் விற்றுவிட்டார். நூலகம் இருந்த வீட்டை விற்கவில்லை.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இராஜகிருகம் என்பது பண்டை மகத நாட்டின் தலைநகர்; பிம்பிசாரன் ஆண்ட நகர்; புத்தர் பலகாலம் தங்கிப் போதித்த நகர்; அவர் மறைவுக்குப்பின் முதல் பௌத்தச் சங்கம் கூடியதாகப் பௌத்த மரபு கூறும் நகர். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14-இல். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே இந்து காலனியில் எழுந்த தம் வீட்டுக்கு அவர் இப்பெயரைச் சூட்டிவிட்டார். அக்கம்பக்கத்துக்கு அவர் தந்த அறிமுகச் சீட்டு என்று இதனைக் கொள்ளலாமா? நான் அப்படித்தான் கொள்கிறேன். பரோடாவில் ஒரு பொய்ப் பெயரின் கீழ் ஒளிந்து தங்க நேர்ந்தவர், தாதரில் தம் நெஞ்சுக்கு உகந்த பெயரை வாசலில் எழுதிவைத்தார்.

புது வீட்டில் இரமாபாய் நெடுங்காலம் வாழவில்லை. 1935 மே 27-இல் அவ்வீட்டிலேயே காலமானார். வரட்டி தட்டியும் கணவர் அனுப்பிய சிறு தொகையில் மிச்சம் பிடித்தும் குடும்பத்தைக் காத்த அந்த அம்மையாருக்கு, தனிச் சமையலறையும் சன்னல் வழியே வரும் காற்றும் ஓரிரு ஆண்டுகளே வாய்த்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஏவலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்க மாட்டேன் என்ற அறிவிப்பை அம்பேத்கர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, லாகூர்ச் சங்கம் ஒன்றின் மாநாட்டுக்கென எழுதிய தலைமையுரையை அச்சங்கத்தார் மாற்றச் சொன்னபோது மறுத்தார், மாநாடு கைவிடப்பட்டது, உரையைத் தம் செலவில் நூலாக்கினார். ‘சாதி ஒழிப்பு’ என்று தமிழில் நாம் படிக்கும் நூல் அதுவே. அக்காலத்தில் அவர் முகவரி: இராஜகிருகம், தாதர், பம்பாய்.

வசதி வந்ததும் புறநகருக்குப் போய்விட்டார், சாலையும் சேரியையும் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இந்து காலனிக்குத் தெற்கே நைகாவ். அங்கே 1920-களில் அரசு கட்டிய சால்களில் நம் இனத்துத் தொழிலாளர் திரளாக வாழ்ந்தனர். பரேலும் தொலைவில்லை. ஆலைச் சங்கு ஊதியபின் ஒரு தொழிலாளி தம் குறையைச் சொல்ல அவர் வாசலுக்கு நடந்தே வந்துவிடலாம். மனை வாங்குவோர் இரயில் நிலையம் எவ்வளவு தூரம், கடைத்தெரு எவ்வளவு தூரம் என்று அளக்கிறோம். நம் மக்கள் எவ்வளவு தூரம் என்றும் அளந்து பார்க்கலாம்.

நிற்க. ‘காலனி’ என்னும் சொல்லைப் பற்றி இளைஞர்களிடம் சில வார்த்தைகள். தாதரில் காலனி என்றால் மதிப்பு. அகன்ற தெரு, மரநிழல், படித்த குடும்பங்கள். நம் தமிழ்நாட்டில் அதே சொல் என்ன பொருள் பெற்றது? அரசு நமக்குக் கட்டித்தந்த தொகுப்பு வீடுகளுக்குக் காலனி என்று பெயர் வந்தது. நாளடைவில் ‘காலனிக்காரர்’ என்றாலே சாதியைக் குறிப்பதாயிற்று. சேரி என்ற பழைய சொல்லுக்கு வெள்ளையடித்ததுபோல் ஆயிற்று. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர், ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்ட காரணத்தால் ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டப் பேரவையில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆயினும் சொல்லை மாற்றுவது பலகையை மாற்றுவது போன்றது. ஊருக்கும் நமக்கும் நடுவிலுள்ள வெளி அப்படியே இருக்குமானால், புதிய சொல்லும் பத்தாண்டில் அழுக்காகிவிடும்.

நகரத்தில் அந்த வெளி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் நம் பிள்ளையிடம் சாதியை நேராகக் கேட்பதில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, புலால் உண்டா என்று கேட்கிறார்கள். பிறகு, வீட்டுக்கு வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். பம்பாயில் ஒரு சாதியார் மட்டும் கூடிக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் அமைக்கும் முறை 1915 முதல் உண்டு. உறுப்பினர் தகுதியை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என வரையறுக்கும் கூட்டுறவுச் சங்க விதி செல்லும் என்று, குஜராத்திலிருந்து வந்த பார்சிச் சங்க வழக்கொன்றில் 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை அடிப்படை உரிமை என்பது நீதிமன்றத்தின் வாதம். அரசியலமைப்பின் 15-ஆம் விதி கடைகளையும் உணவகங்களையும் கிணறுகளையும் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. அடுக்குமாடி வீட்டின் கதவைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசும் சட்டம் நமக்கு இன்னும் வேண்டும். சட்டம் பயிலும் நம் மாணவர்கள் இத்தீர்ப்பை முழுவதும் படிக்க வேண்டும்.

கடல் கடந்தாலும் அக்கம்பக்கம் விடுவதில்லை என்பதற்கு ஒரு செய்தி. 1921-22-இல் அம்பேத்கர் தங்கிப் படித்த லண்டன் வீட்டை மகாராட்டிர அரசு 2015-இல் விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது. பார்வையாளர் வருகையால் அமைதி கெடுகிறது என்று தெருவாசிகள் சிலர் முறையிட்டனர். உள்ளாட்சி மன்றம் நினைவகத்துக்கு அனுமதி மறுத்தது. 2020-இல் மேல்முறையீட்டில்தான் அனுமதி கிடைத்தது. அவர்கள் சாதி பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யார் வந்தால் அமைதி, யார் வந்தால் இரைச்சல் என்று முடிவு செய்யும் உரிமை முன்னே குடியேறியவர்கள் கையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

இராஜகிருகமும் அமைதியாக விடப்படவில்லை. 2013-இல் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட அவ்வீட்டுக்குள் 2020 ஜூலை 7-ஆம் நாள் விஷமிகள் புகுந்து, பூந்தொட்டிகளை உடைத்துக் கண்காணிப்புக் கருவியையும் சேதப்படுத்தினர்.

1956 டிசம்பர் 6-இல் டில்லியில் மறைந்த அண்ணலின் உடல் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு இந்த வீட்டில்தான் வைக்கப்பட்டது. ஆலைகள் ஓடவில்லை. நைகாவிலிருந்தும் பரேலிலிருந்தும் வொர்லியிலிருந்தும் வந்த மக்களால் இந்து காலனியின் சந்துகள் நிரம்பின. அந்தப் புறநகரை வகுத்தவர்கள் வெளிச்சத்துக்கென விட்ட இடைவெளிகளிலெல்லாம் அன்று நம் மக்கள் நின்றார்கள். மறுநாள் மாலை தாதர்க் கடற்கரையில் பௌத்த முறைப்படி தகனம் நடந்தது. அங்கேதான் இன்று சைத்தியபூமி இருக்கிறது.

ஆண்டுதோறும் டிசம்பர் 6-இல் நம் பகுதியிலிருந்தும் இளைஞர்கள் இரயிலேறி மும்பை செல்லக் காண்கிறேன். தாதர் நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கமாகக் கடற்கரைக்குப் போய், வணங்கித் திரும்பிவிடுகிறார்கள். அடுத்தமுறை கிழக்குப் பக்கமும் போங்கள். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஐந்தாவது சந்து என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். கீழ்த்தளத்தில் அவர் பயன்படுத்திய பொருள்களையும் அவர் அமர்ந்து எழுதிய இடத்தின் நினைவுகளையும் காட்சிக்கு வைத்துள்ளனர். அது அவருடைய வழியினர் குடியிருக்கும் இல்லமும் ஆதலால், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். வெளியே வந்தபின் எதிர்ப்புறத்தில் நின்று, புத்தகங்களுக்கு அவர் விட்டுக்கொடுத்த மேல்தளத்துச் சன்னல்களை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.